கடைசி இரவு போர்ட் பிளேரில்

புனேயின் விமான் நகரில் உட்கார்ந்து அந்தமானுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஐடி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு லீவு குறைவு, ஆசை அதிகம். தீவில் என்ன ஆபத்து என்றால் முதலையைப் பற்றிக் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது திட்டத்தின் கடைசி நாளை.

அண்மையில் வந்த தமிழ்ப் பையன் திட்டத்தை அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான். "காலையில ஹேவ்லாக்ல கப்பல் ஏறினா மத்தியானம் போர்ட் பிளேர்ல ஃப்ளைட் பிடிச்சிடலாம்க்கா. ஒரு நாள் ஹோட்டல் காசு மிச்சம்." பக்கத்து லோஹேகாவ் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானத்தின் இரைச்சல் அடங்கும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். அதற்குள் அவன் தாளில் ஹேவ்லாக், நீல் தீவுகளை முன்னால் தள்ளி, கடைசி இரவைப் போர்ட் பிளேரில் எழுதிவிட்டேன். (ஊர்ப் பெயர்கள் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப், ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டாலும் கேட்கிறவர்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.)

காற்று பலத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில், சீசன் உச்சத்தில், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. மழைக்காலத்தைத் தவிர்த்தால் போதும் என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ளைட் தவறுவதுகூடப் பெரிய விஷயமில்லை. நேரமில்லாதவர் கிடைத்த படகில் ஏறிவிடுவார், அதுதான் எனக்குப் பயம். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே 'அக்வா மரைன்' படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்களே அதிகம். சுமார் 25 பேர் ஏறவேண்டிய படகில் 45 பேர் வரை இருந்தார்கள். அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை: ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். கூட்டம் அதிகம் என்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். கையில் உபரியாக ஒரு நாள் இருக்கிறவரால்தான் அப்படி நிற்க முடியும்.

ஸ்கூபா டைவிங்கும் இந்த உபரி நாள் கணக்கில் வருகிறது. ஆழத்தில் உடம்பு உறிஞ்சிய நைட்ரஜன், விமானத்தில் உயரே போகையில் ரத்தத்தில் குமிழாகலாம். ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கினால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் என்பது பொதுவான வழிகாட்டுதல். நான் எல்லோருக்கும் ஒரு முழு நாள் விடுகிறேன்.

முதலை விஷயமும் பொய்யில்லை. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள், அலையாத்திக் காட்டு ஓடைப் பக்கம் போகாதீர்கள், இருட்டிய பின் குளிக்காதீர்கள். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், புனேயைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. நம் ஊர் நினைப்பில் ஐந்தரைக்குக் கடலுக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

"அம்மாவும் வராங்கக்கா" என்றான் பையன் எழுந்திருக்கும்போது. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. பயண நாள்களுக்கு மேல் நான்கு நாளுக்குக் கூடுதலாக, பெட்டியில் போடாமல் கைப்பையில், மருந்துச் சீட்டோடு எடுத்துப் போகச் சொல்லித் தாளின் அடியில் எழுதிக் கொடுத்தேன்.