பதினாலு கொக்கு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என் பின்னாலேயே சுற்றினான். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்கிற கான்கிரீட் கலவைதான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் வீட்டு விஷயமும் இதில் வருகிறது. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன பிப்ரவரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் எங்கள் நாற்பது பேரைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனார்கள். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் பறவைக்காக வரவில்லை. ஒரு நாள் சர்வே பிராக்டிகல் தப்பியது, மத்தியானம் தக்காளிச் சாதத்தோடு முட்டை உண்டு என்றார்கள், கிளம்பிவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகும்போது பஸ்ஸில் சார் விவரம் சொல்லிக்கொண்டே வந்தார். கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்த சுமார் 129 ஹெக்டேர் இடம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆனால் அரசாங்கம் அறிவிப்பதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காப்பாற்றி வந்தார்கள் என்றார்.

பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கள்ல யாரெல்லாம் உண்டிவில் வச்சுப் பறவை அடிச்சிருக்கீங்க? மறைக்காம கை தூக்குங்க" என்றார். ஏழெட்டுப் பேர் கூச்சத்தோடு தூக்கினார்கள். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் உண்டிவில் தொட்டதில்லை. ஆனால் என் கையும் சுத்தமில்லை.

ஊருக்குள் இறங்கியதும் எல்லோரும் அண்ணாந்துவிட்டோம். சரணாலயம் என்றால் கேட், டிக்கெட், கம்பிவேலி என்று நினைத்திருந்தேன். இங்கே வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேம்பிலும் புளியிலும் கூடு, கூடு, கூடு! மஞ்சள் மூக்கு நாரைகள் குச்சியை அடுக்கிக் கட்டியவை. நம் ஸ்ட்ரக்சர் சார் பார்த்திருந்தால் "லோடு கால்குலேஷன் எங்கே?" என்று கேட்டிருப்பார். பெரிய நாரைகள் கத்துவதே இல்லை, அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். கத்துவதெல்லாம் குஞ்சுகள். பக்கத்து மரத்தில் ஒரு கூழைக்கடாக் குஞ்சு தாயின் தாடைப் பைக்குள் தலையை முழுசாக விட்டு மீனைத் தேடியது. கீழே வீட்டு ஓடு, துணிக்கொடி, முற்றம் எல்லாம் வெள்ளை வெள்ளையாய் எச்சம். மீன் நாற்றம் வேறு. கூட வந்த ஒருவன் சட்டையிலும் விழுந்தது. "உனக்குத்தான்டா முதல் மெடல்" என்று கேலி செய்தோம்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி, "வாங்க மக்கா, மெதுவாப் பேசுங்க. மேல சின்னது கிடக்கு" என்றாள். ஆஸ்பத்திரி வார்டில் சொல்வது போல இருந்தது.

"தெனமும் இதைப் பெருக்கணுமே, உங்களுக்குக் கோவம் வராதா ஆச்சி?" என்று கேட்டேன்.

"வராம என்ன? வரும். ஆனா ரெண்டு நாளு சத்தம் இல்லேன்னா வீடே வெறிச்சுன்னு ஆயிரும். இதுக கூட்டைக் கலைச்சு ஓடிறப்பிடாதுன்னு தீவாளிக்குக்கூட வேட்டுப் போடமாட்டோம். இந்த எச்சம் விழுந்த குளத்து வண்டலைத்தான் வயலுக்கு அடிக்கோம்."

எனக்கு மனசுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பஞ்சம் வந்தப்போகூட யாரும் பிடிச்சுத் திங்கலியா ஆச்சி?"

ஆச்சி விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பஞ்சம் எல்லாத்துக்குந்தான் வந்துச்சு. பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பொண்ணுய்யா இது. எப்படித் திங்க?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு குளத்துக்குப் போனோம். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்புகிற குளம். இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வரிசையில் நின்றோம். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துக்கூட்டம் ஒன்று தண்ணீரில் மிதந்தது. வரித்தலை வாத்து. இமயமலையையே தாண்டிப் பறந்து வருகிறதாம். நமக்கு ஹாஸ்டலிலிருந்து மெக்கானிக்கல் பிளாக் வருவதற்கே மூச்சு வாங்குகிறது!

தூரத்தில் ஒரு கூட்டம் எழும்பியது. சார் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் நான், "நத்தைகுத்தி நாரை சார். அந்தா தனியாப் போறது நீர்க்காக்கா. அங்கன முங்கினது முக்குளிப்பான், அது அந்தப் பக்கம் போயித்தான் எந்திரிக்கும்" என்றேன். அது அப்படியே எழுந்தது. சார் ஆச்சரியமாக, "எப்படிப்பா தெரியும்?" என்றார். "எங்க ஊர்க் குளத்துல பாத்திருக்கேன் சார்." அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். வேலை இல்லாத நாட்களில் குளத்துக்குள் கண்ணி வைத்துக் கொக்கு பிடிப்பார். எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் நானும் கூடப் போய் அவர் சொல்லித்தான் பெயர்களைப் படித்தேன். முதலாண்டில் டிராயிங் வகுப்புக்கு டிராஃப்டர் வாங்க வேண்டும் என்றேன். அது தை மாதம். அப்போது வேலை இல்லை. ஒரு வாரம் கழித்துப் பணத்தைக் கையில் வைத்தார். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்பதும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனாலும் டிராஃப்டரை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கை தூக்காததற்கு அதுதான் காரணம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பீடி அணைந்ததுகூடத் தெரியாமல் கேட்டார். கூழைக்கடா வீட்டுப் புளியமரத்தில் கூடு கட்டுகிறது என்றதும், "மனுஷனுக்குப் பயப்படலையாலே அது?" என்று இரண்டு முறை கேட்டார். ஆச்சி சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவராகவே, "பதினாலு" என்றார்.

"என்னப்பா?"

"ஒன் படப்பொட்டிக்கு. பதினாலு கொக்கு."

டிராஃப்டரை அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "எண்ணி வச்சிருந்தீங்களாப்பா?"

"எண்ணாம எப்படிலே விப்பேன்? கடைசியா வாங்கினவன் மறுநாள் சொன்னான், அறுத்தா வயித்துல முட்டை கிடந்துச்சாம். அன்னைக்கே கண்ணியை அடுப்புல வச்சிட்டேன். அதுக்கப்புறம் வேலை இல்லேன்னா சும்மாத்தான் இருக்கேன், பாத்திருப்பியே."

பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத நாளில் ஏன் குளத்துப் பக்கம் போவதில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாவை நினைத்து நான் பஸ்ஸில் வெட்கப்பட்டேன். அவரோ இரண்டு வருஷத்துக்கு முன்பே, எந்தச் சாரும் சொல்லாமல், அதை விட்டிருந்தார். அன்றைக்கு வெட்கப்பட வேண்டியது நான் மட்டும்தான்.

எங்கள் குளத்தில் பறவை உட்கார மரம் கிடையாது. இருந்ததையெல்லாம் விறகுக்கு வெட்டிவிட்டோம். போன ஐப்பசி மழைக்கு முந்தி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அப்பாவும் நானும் நாட்டுக் கருவேலங்கன்று நட்டோம். கரையில் நடவில்லை, வேர் இறங்கினால் கரைக்கு ஆகாது என்று நான் படித்த சிவிலைக் காட்டினேன். குளத்துக்குள் மண் மேட்டில் நட்டோம். எத்தனை கன்று என்று நான் கேட்கவில்லை. அப்பா எண்ணிக்கொண்டேதான் நட்டார். ஒன்பது பிழைத்திருக்கிறது.

டிராஃப்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஜூனியர் தம்பி ஒருவன் விலைக்குக் கேட்டான். விற்கிற எண்ணம் இல்லை, வேண்டும்போது எடுத்து வரைந்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற தை மாதம் அப்பாவைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன். நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள் நண்பர்களே. பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஊருக்குள் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், மேலே சின்னது கிடக்கும்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்