641

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் வைத்துப் புழுங்கியதை இன்று சொல்லிவிடுகிறேன். நான் கணித ஆசிரியராக இருந்தவன். சரிபார்க்காத ஒன்றை உண்மை என்று வகுப்பில் சொன்னேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை.

பதினோராம் வகுப்பு. கரும்பலகையில் 3, 5, 17, 257, 65,537 என்று எழுதினேன். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை இவை. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்று: 4,29,49,67,297. "இதுவும் பகா எண்தான், ஃபெர்மாவே சொல்லியிருக்கிறார்" என்றேன். கணித மேதை ஃபெர்மாவைப் பற்றி எப்போதோ அரைகுறையாகப் படித்தது அது.

மறுநாள் ஒரு மாணவி ரஃப் நோட்டோடு எழுந்தாள். "சார், 641-ஆல வகுபடுது சார்." 2-இல் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். 641 வரிசையில் 116-ஆவது. நான் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபெர்மாவை விட உனக்கு அதிகம் தெரியுமா? கணக்குல எங்கயோ பிசகியிருக்கும், உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றிரவு நானே வகுத்தேன். 4294-இல் ஆறு முறை போக மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. ஏழு முறை போக மீதி 2. அப்புறம் ஈவில் இரண்டு பூஜ்யம், ஒரு நான்கு, ஒரு ஒன்று. கடைசி ஏழை இறக்கியதும் 4487 வந்தது. அது 641-இன் ஏழு மடங்கு. மீதி பூஜ்யம். ஈவு 67,00,417.

அதன் பிறகுதான் முறையாகத் தேடிப் படித்தேன். ஃபெர்மா 1640-இல் கடிதத்தில் எழுதியது தன் நம்பிக்கையை. நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐ எடுத்துக்காட்டினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577 ஆகிய நான்கைக் கழித்ததும் ஐந்தாவதாக நிற்பது 641. அந்த வழி தெரியாத ஒரு பதினாறு வயதுப் பெண், 116 முறை வகுத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லவில்லை. மாணவர்கள் முன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர் ஒரு விடையோடு எழுந்து நின்றால், அவர் கண்முன்னாலேயே கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.

அந்த மாணவி எங்கிருந்தாலும் அவளுக்கு ஒரு சொல்: உன் கணக்கு சரி அம்மா. பிசகியது நான். என்னை மன்னித்துவிடு.