ஓடும் மூலம்

உரையாசிரியர்களோடு சற்றே பழகியவர்களுக்கும் மூலம், உரை பற்றிய ஓர் எண்ணம் மனத்தில் ஊறியிருக்கும். மூலம் நிற்கும்; உரை மாறும். தொல்காப்பியச் சூத்திரம் இருந்த இடத்திலேயே இருக்க, இளம்பூரணர் ஒன்று சொல்வார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்வார். பாடபேதங்கள் உண்டுதான், ஆனாலும் சூத்திரம் இரவோடிரவாக எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடுவதில்லை. நான் பிழைப்புக்குச் செய்யும் மென்பொருள் தொழிலில் நிலைமை தலைகீழ். அங்கே மூலம் ஓடுகிறது. உரை மூச்சிரைக்கப் பின்னால் வருகிறது.

சில காலமாக நான் விரும்பிப் படித்துவருவது ரஸ்ட் என்னும் கணினிமொழியின் கம்பைலருக்கான கையேடு. நாம் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது கம்பைலர். அம்மொழியில் நிரல் எழுதுவோருக்கான நூல்கள் வேறு உள்ளன; இது அந்தக் கம்பைலரையே எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் ஆனது. இதில் பிழைகளைக் கையாளுவது பற்றிய பகுதிகளுக்கு ஒரு சிறுகதையின் சுவை உண்டு என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பிழை ஒன்றைக் கண்டதும் கம்பைலர் என்ன செய்ய வேண்டும்? அங்கேயே நின்றுவிடலாம். நின்றால் எழுதியவர் ஒவ்வொரு பிழையாகத் திருத்தி, ஒவ்வொரு முறையும் வாசலில் காத்து நிற்க வேண்டும். தொடர்ந்து போனாலோ, முதற்பிழையின் எதிரொலியாகவே பத்துப் பொய்ப்பிழைகள் கிளம்பும். ரஸ்ட் கம்பைலர் இதற்கு ‘எரர் காரண்டீட்’ என்றொரு பொருளைக் கையாளுகிறது. அதற்குள் தகவல் எதுவும் கிடையாது. நினைவகத்தில் அது இடமும் அடைப்பதில்லை. பிழையை எங்கேனும் சொன்னால் மட்டுமே அந்தச் சீட்டு கைக்குக் கிடைக்கும். “சொல்லியாயிற்று, நீ மறுபடி கூவ வேண்டாம்” என்று அடுத்த கட்டத்திடம் அதைக் காட்டலாம். பிறகு யாராவது சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் கடனாகப் பெறவும் வழியுண்டு. கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லையென்றால், கோளாறு தன்னிடம்தான் என்று அறிவித்துவிட்டுக் கம்பைலரே விழுந்துவிடும்.

கடன் தரும் அந்தச் செயற்கூறுக்கு முன்பு ‘டிலே ஸ்பான் பக்’ என்று பெயர். 2023 டிசம்பரில் அது ‘ஸ்பான் டிலேட் பக்’ ஆயிற்று. பிழைச்செய்தியை உருவாக்கும் ‘டயக்னாஸ்டிக் பில்டர்’ 2024இல் ‘டயக்’ என்று சுருங்கிற்று. மாற்றங்கள் நியாயமானவையே, புதிய பெயர்கள் நாவுக்கும் எளியவை. ஆனால் பெயர் மாறிய அன்று, பழைய பெயரைச் சொல்லும் ஒவ்வொரு பத்தியும், தன்னில் ஓர் எழுத்தும் மாறாமலேயே பொய்யாகிவிடுகிறது.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், அறிக்கைகளை வடிவமைக்கவென்று சிறியதொரு மொழியையும் அதற்கொரு கம்பைலரையும் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிழை நேர்ந்தால் இன்ன செயற்கூறு வெற்று விடையைத் திருப்பித் தரும் என்றது அதன் ஆவணம். அந்த வழக்கம் ஒழிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த வரியை நம்பி மூன்று நாள் போராடினாள். கண்ணெதிரே எந்திரம் வேறுவிதமாக நடந்துகொண்டிருக்க, தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது, “டாக்குமென்ட்ல இருக்கறது எப்படி சார் தப்பாகும்?” என்று கேட்டாள். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த ஆவணத்தில் தேதியும் இல்லை.

ரஸ்டில் நிரல் எழுதுவோர் பார்க்கும் பிழை விளக்கங்களுக்கு நல்லதொரு காவல் உண்டு. பல பிழைகளுக்கு ஓர் எண் உண்டு. எண்ணுக்கு ஒரு விளக்கம். விளக்கத்தில் ஒரு தவறான நிரல். அந்த எடுத்துக்காட்டைக் கம்பைலரிடமே கொடுத்து, சொன்ன எண்ணோடு தோற்கிறதா என்று தானியங்கியாகச் சோதிக்கிறார்கள். வழக்கொழிந்த எண்களின் விளக்கங்களையும் அழிப்பதில்லை. வரிசையில் முதலாவதான ஈ0001, ஒருபோதும் எட்டமுடியாத கிளையை எழுதியிருக்கிறாய் என்று சொன்ன பிழை. இப்போது அதற்கு வெறும் எச்சரிக்கைதான் வரும். ஆகவே, ‘இவ்வெண்ணைக் கம்பைலர் இனி வெளியிடுவதில்லை’ என்ற குறிப்பைத் தலையில் தாங்கிக்கொண்டு அது அங்கேயே இருக்கிறது. பழைய கம்பைலரோடு யாரேனும் தேடி வரக்கூடும் அல்லவா?

கம்பைலரை எழுதுவோருக்கான கையேட்டிலோ பெரும்பகுதி உரைநடை. உரைநடையை எந்தச் சோதனைக்கு உட்படுத்துவது? ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியாகும் மொழி அது. அவர்கள் கண்ட வழி மிக எளியது. மாறக்கூடும் என்று தோன்றும் கூற்றோடு, இன்ன மாதம் இன்ன ஆண்டு நிலவரப்படி என்று எழுதிவிடுகிறார்கள். பக்கத்தில், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம். ஆறு மாதம் கடந்த தேதிகளை ஒரு சிறு நிரல் பொறுக்கியெடுத்துப் பட்டியல் போடுகிறது. யாரோ ஒருவர் மூலத்தைத் திறந்து பார்த்து, கூற்று இன்னும் மெய்யென்றால் தேதியை மட்டும் மாற்றுகிறார். பொய்யாகியிருந்தால் பத்தியைத் திருத்துகிறார். பெயரோ புகழோ தராத வேலை. சுவடி பெயர்த்தெழுதியவர்கள் முடித்த நாளைக் கடைசி ஏட்டில் குறித்துவைப்பார்களே, அது நினைவுக்கு வருகிறது. இங்கே நாளைக் குறித்தவரே, வந்து சரிபார்க்கும்படி பின்னால் வருபவரையும் அழைத்துவிட்டுப் போகிறார்.

பிழைச்செய்திகளைப் பிறமொழிகளிலும் பெயர்க்க ஏதுவாகக் கம்பைலரை மாற்றும் முயற்சி 2022இல் தொடங்கியது. தமிழிலும் ஒரு நாள் அது பேசும் என்று நான் ஆசைப்பட்டதை மறைப்பதற்கில்லை. ‘எதிர்பார்த்த வகை வேறு, கிடைத்த வகை வேறு’ என்று அதற்காக ஒரு வரியைக்கூட மனத்துக்குள் பெயர்த்து வைத்திருந்தேன். பின்னர் ஒருமுறை கையேட்டின் அந்த அத்தியாயத்தைத் திறந்தபோது தலைப்பின் கீழே ஒரு குறிப்பு சேர்ந்திருந்தது: இந்த ஏற்பாடு பங்களிப்போருக்கு இடைஞ்சலாக இருக்கிறது, மறுவடிவமைப்புக்குக் காத்திருக்கிறது என்ற பொருளில். நிலவரம் 2024 அக்டோபர் என்று அதிலேயே இருந்தது.