வெயில் நாட்டில் ஒரு பஞ்சம்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள காடாம்புலியூரைச் சித்திரை மாத நண்பகலில் கடந்து சென்றவர் எவரும் அதனை மறுக்கமாட்டார். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் செம்மண்ணிலிருந்து மேலெழும் அனலும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கு வாழ்கிறவர்களுக்கு எது குறைந்தாலும் வெயில் குறையாது என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் வெயிலின் அருமையை நிழலில் இருந்து அறிய வேண்டிய நிலையும் மனிதருக்கு வருகிறது. அவ்வூரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையின் உடல்நலிவு எனக்கு அதனைக் கற்பித்தது.

முந்திரியை 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். இன்று பண்ருட்டி வட்டாரத்தில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுவது அதுவே. தோப்பில் கொட்டை பொறுக்குவதும் அதைக் களத்தில் உலர்த்துவதும் வெயிலில் நடப்பவை. அதன் பிறகு உடைத்தல், பருப்பின் மேல்தோலை உரித்தல், தரம் பிரித்தல் ஆகிய அனைத்தும் கூரையின் கீழ் நடைபெறுகின்றன. அவற்றைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். என் அத்தையும் அவர்களுள் ஒருவராய் 22 ஆண்டுகள் உழைத்தவர். விடியுமுன் அடுப்படி, பகல் முழுவதும் கொட்டகை, அந்தி சாயும் வேளையில் மீண்டும் அடுப்படி. ஞாயிறன்று ஆலயம் செல்லும்போதும் சேலையின் முக்காடு தலையை மூடியிருக்கும். இவ்வாறு கதிரவன் எரிக்கும் ஊரில் வாழ்ந்தும் கதிரவன் தீண்டாத உடலோடு அவர் வாழ்ந்தார்.

முதலில் வந்தது சோர்வு. உறங்கி எழுந்த பின்னும் அது நீங்கவில்லை. பின்னர் இடுப்பிலும் தொடையிலும் விலாவிலும் இன்ன இடமென்று சுட்டிக்காட்ட இயலாத வலி தொடங்கியது. திருப்பலியில் முழந்தாளிட்டால் எழும்போது பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்ற வேண்டியிருந்தது. வீட்டார் அதனை வயதின் கோளாறு என்றனர். அண்டை வீட்டார் வாயு என்றனர். வேலைத்தலத்தில் சோம்பல் என்றும் ஒரு சொல் எழுந்தது. வலிநிவாரண மாத்திரைகள் ஓரிரு மணி நேரம் உதவின. அத்தை எவரையும் நொந்துகொள்ளவில்லை. “ஆண்டவர் கொடுத்த சிலுவைப்பா, சுமந்துதானே ஆகணும்” என்று மட்டும் சொல்வார்.

இறுதியில் ஒரு மருத்துவர் கேட்ட இரண்டு கேள்விகள் வழியைத் திறந்தன. “அம்மா, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா?” என்பது முதல் கேள்வி. “பகலில் எங்கே இருக்கிறீர்கள்?” என்பது அடுத்தது. “கொட்டாயிலதாங்க” என்றார் அத்தை. மருத்துவர் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பை விரலால் அழுத்தினார். அத்தை துடித்துப் போனார். இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. வைட்டமின் டி, ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் பொதுவாகப் பற்றாக்குறை எனக் கொள்வர். அத்தைக்கு இருந்ததோ 8 மட்டுமே.

இந்தச் சத்து உடலில் உருவாகும் விதம் வியப்புக்குரியது. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது சூரியனின் புறஊதாக் கதிர் படும்போது அது வைட்டமின் டி-யாக மாறத் தொடங்குகிறது. பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளத் துணைபுரிகிறது. அது நெடுங்காலம் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்பு சரிவரப் படியாது. குழந்தைகளின் கால்கள் வளையும். இதனை ரிக்கட்ஸ் என்பர். வளர்ந்தவரின் எலும்போ மென்மையுற்று வலிக்கும். தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழப்பதால் அமர்ந்தவர் எழுவதும் படியேறுவதும் கடினமாகும். ஆகவே அத்தையின் வலியும் சோர்வும் கற்பனையோ சோம்பலோ அல்ல. எலும்பும் தசையும் எழுப்பிய கூக்குரல்.

இந்த உண்மையை உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. புகை சூழ்ந்த ஐரோப்பிய நகரங்களில் பல தலைமுறைக் குழந்தைகள் கால் வளைந்து துன்புற்றனர். தியோபால்டு பாம் என்ற மருத்துவர், ஜப்பானில் கிறிஸ்தவ மருத்துவப் பணி ஆற்றித் திரும்பியவர். அங்குக் காணாத ரிக்கட்ஸ் நோயை இங்கிலாந்தில் எங்கும் கண்டு திகைத்தார். பல நாடுகளில் பணியாற்றிய மறைபரப்பு மருத்துவர்களிடம் கடிதம் வழியே செய்தி திரட்டி, வெயிலின்மையே காரணம் என 1890-இல் எழுதினார். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதா விளக்கொளியால் இந்நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். இத்துறை ஆய்வுக்காக அடால்ஃப் விண்டாஸ் 1928-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அதே 1928-இல், காஷ்மீரில் பணியாற்றிய கேத்லின் வாகன் என்ற பெண் மருத்துவர் நம் நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். திரைமறைவில் அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு உருக்குலைந்து, பேறுகாலத்தில் அவர்கள் பெருந்துயருற்றதை அதில் எடுத்துரைத்தார். வெயில் நிறைந்த நாட்டிலும் வெயில் பஞ்சம் உண்டு என்பதற்கு அது பழைய சான்று.

புதிய சான்றுகளும் குறைவல்ல. டெல்லியில் நலமுடன் இருந்தவர்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், திறந்த வெளியில் பயிற்சி பெறும் படைவீரர்களின் நிலை ஏனையோரைவிட மேலாக இருந்தது. மருத்துவர்களிடமும் செவிலியரிடமும்கூட இந்தச் சத்து குறைந்தே காணப்பட்டது. திருப்பதி ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வயலில் உழைக்கும் கிராமத்தாரின் அளவு நகரத்தாரின் அளவைவிட உயர்ந்திருந்தது. எனினும் அவர்களிடையேயும் பற்றாக்குறை பரவலாகவே இருந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்ததும் அங்குத் தெரியவந்தது. இலங்கையிலிருந்து நார்வேயில் குடியேறியவர்களைத் தாயகத்தில் வாழ்வோருடன் ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வு, குளிர்நாட்டில் இந்தச் சத்து மேலும் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. நம் கருநிறத் தோல் கடும் வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் கொடை. அதனாலேயே வெண்ணிறத் தோலைவிட அதற்குக் கூடுதல் நேரம் வெயில் தேவைப்படுகிறது.

இளவெயிலே நல்லது என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து வருவதால், இந்தச் சத்தை உருவாக்கும் புறஊதாக் கதிரின் பெரும்பகுதி வானிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் செய்த சோதனை, முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரமே மிகப் பயனுள்ளது எனக் காட்டியது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளை என்று இதனை எளிதில் நினைவில் கொள்ளலாம். கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. அதற்காக அக்கினி நட்சத்திரத்தில் நண்பகலில் நின்று மயங்கி விழுவதும் அறிவுடைமை ஆகாது. மற்றக் காலங்களில் முகம், கைகள், கால்களில் சிறிது நேரம் வெயில் படுமாறு அவ்வப்போது நடந்தால் போதும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து வரும் மத்தி போன்ற கொழுப்பு மிக்க மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இச்சத்து ஓரளவு உண்டு. ஆனால் நம் இல்லங்களில் மீனும் முட்டையும் இறுதியாகப் பந்தியில் அமரும் பெண்களுக்கு எவ்வளவு மிஞ்சுகின்றன என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சோர்வும் உடல்வலியும் இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு முதலிய பல நோய்களாலும் வரும்; எல்லாவற்றையும் வைட்டமின் டி-யின் மேல் சுமத்தலாகாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு, பற்றாக்குறையைப் பாராமல் பொதுவாக எல்லோருக்கும் மாத்திரை அளிப்பதால் எலும்பு முறிவு குறையவில்லை என 2022-இல் தெரிவித்தது. குறை உள்ளவருக்கே அது மருந்து. வாரம் ஒன்றாக உட்கொள்ளுமாறு மருத்துவர் தரும் 60,000 அலகு மாத்திரையைத் தாமாகவே நாளும் விழுங்கினால், இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து சிறுநீரகம் கெடும். என் அத்தை மருத்துவரின் சொற்படி 8 வாரங்கள் அதனை உட்கொண்டார். பின்னர் குறைந்த அளவில் தொடர்ந்தார். சில மாதங்களில் கை ஊன்றாமல் எழுந்தார். குத்தவைத்து அமர்ந்தே தேய்ந்த முழங்கால்களின் வலி இன்னும் உள்ளது. ஆனால் உடலை அழுத்திய அந்தப் பெருஞ்சோர்வு அகன்றது.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்து சற்றும் நிமிர இயலாதிருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவளது நோயின் பெயரை ஆராய்வது என் நோக்கமன்று. அவள் எதையும் கேட்கவில்லை என்பதே என்னைத் தொட்டது. பதினெட்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாள் போலும். இயேசுவே அவளைக் கண்டார், அழைத்தார், தம் கைகளை அவள்மீது வைத்தார். தொழுகைக்கூடத் தலைவரோ வேறு நாளில் வந்து குணம் பெறலாமே என்று சினந்தார். ஓய்வு நாளிலும் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள், ஆபிரகாமின் மகளாகிய இவளது கட்டை அவிழ்க்கலாகாதோ என்பதே ஆண்டவர் எழுப்பிய வினா. ‘சுமந்துகொள்’ என்று அவர் அவளிடம் கூறவில்லை. அவளை நிமிரச் செய்தார்.

சிலுவை நம் விசுவாசத்தின் மையம். நீக்க இயலாத துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுப்பது மேலான வேண்டுதல். ஆனால் நீக்கக்கூடிய துன்பத்திற்குச் சிலுவை என்று பெயரிட்டுப் பிறர் தோளில் விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. பெண்களின் வலியைப் பொறுத்தவரை இந்தப் பெயர்மாற்றம் மிக எளிதாக நடந்துவிடுகிறது.

நம் அன்பியக் கூட்டங்களில் நோயுற்றோருக்காகச் செபிக்கிறோம். அவ்வேளையில், கை ஊன்றி எழுகிற ஒரு சகோதரியை அடுத்த நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வது யார் என்றும் பேசி முடிவு செய்யலாம். கொட்டகை நடத்துவோர் மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் திறந்த முற்றத்தில் இருக்க விடலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வீட்டில், சோர்வாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அறிவுரைக்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். நல்லோர்மேலும் தீயோர்மேலும் தம் கதிரவனை உதிக்கச் செய்கிறவர் தந்தையாகிய கடவுள். அவர் வேறுபாடின்றி வழங்கும் அந்த ஒளி, கூரைக்கடியில் அமர்ந்து உழைப்போரையும் சென்றடைய வழிவிடுவது நம் கையில் இருக்கிறது.