ஓரத்தில் ரெண்டு பெயர்

எங்கள் ஊரில் கண்காட்சி என்றால் பங்குனிப் பொங்கலுக்குப் போடுகிற பொருட்காட்சிதான். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம். ஓவியங்களை வரிசையாக மாட்டி வைத்து நின்று பார்ப்பதெல்லாம் விருதுநகர் பஜாருக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பஜாரில் படம் இல்லாத சுவரும் கிடையாது. மிளகாய் மண்டி, எண்ணெய்க் கடை, சலூன், பரோட்டாக் கடை, எங்கு பார்த்தாலும் சிவகாசிக் காலண்டர். வருசம் போனாலும் கழற்ற மாட்டார்கள். சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்குக் கை வரும்?

மார்கழி பிறந்தால் அப்பாவின் மளிகைக் கடையில் கட்டுக்கட்டாகக் காலண்டர் வந்து இறங்கும். கட்டைப் பிரித்ததும் குப்பென்று மை வாடை. விரித்துப் பிடித்தாலும் தாள் மறுபடி சுருண்டுகொள்ளும். தகரப் பட்டை கையைக் கீறும். “அண்ணாச்சி, போன வருசம் முருகனைக் குடுத்துட்டீங்க, இந்த வாட்டி லெச்சுமிதான் வேணும்” என்று சண்டை போட்டு வாங்கிப் போவார்கள். பாக்கி வைத்திருப்பவருக்கும் அப்பா ஒன்று கொடுத்துவிடுவார். அடுத்த வருசம் தேதித்தாளைப் பிய்த்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது வழக்கம். எங்கள் அத்தை அதற்கு முன்னால் லட்சுமியின் சேலைக் கரையில் சம்கி ஒட்டிவிடுவாள். ஓவியர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்தப் படங்கள் சிலவற்றின் ஓரத்தில் ரெண்டு பெயர் இருக்கும். கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா. அண்ணன் தம்பி என்பார் ஒருவர், அப்பனும் மகனும் என்பார் இன்னொருவர். உண்மையில் குருவும் சீடரும். 1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் சேர்ந்த சீடர்கள்தான் குடும்பம். முகம் யார் எழுதியது, நகை யார் எழுதியது என்று நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிரிக்க முடிந்ததில்லை.

ரத்த உறவிலேயே இப்படிச் சேர்ந்து வரைந்தவர்கள் ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும். அண்ணனின் பல படங்களில் பின்னணி தம்பி கைவண்ணம். தம்பியே நல்ல இயற்கைக் காட்சி ஓவியர். சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். 1905-இல் தம்பி இறந்தார், மறு வருசம் அண்ணனும் போய்விட்டார். அண்ணன் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கோவில்பட்டிக்காரர் சீடர் பெயரையும் பக்கத்தில் எழுதவிட்டார். அந்த வகையில் எனக்கு அவர்தான் ஒருபடி மேல்.

சிவகாசிக்கு அச்சு வந்ததே இப்படி ஒரு குடும்ப ஜோடியால்தான். பங்காளிகளான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு லித்தோ அச்சு வந்தது, அச்சகம் சும்மா நிற்கக் கூடாதென்று காலண்டர் வந்தது. நாங்கள் சேர்த்து விளையாடிய அணில், காக்கா, சேவல் லேபிள்களும் இந்த வழியில் வந்தவைதான். லித்தோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு. ஆப்செட் வந்தது, பிறகு கம்ப்யூட்டர். இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று பூசை போட்டுப் புது ஆல்பம் வெளியிடுகிறார்கள். புரட்டிப் பார்த்தால் லட்சுமி முகத்தில் ஒரே வழவழப்பு, ஓரத்தில் பெயர் இல்லை.

கொண்டையராஜு 1976-இல் காலமானார். அச்சுக்குத் தகடு எடுத்ததும் அவர் வரைந்த மூலப் படத்துக்கு வேலை முடிந்துவிடும், பரணுக்குப் போய்விடும். சிவகாசி அச்சக முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள்: பரணில் அப்படி ஏதும் கிடந்தால் கரையான் முந்துவதற்குள் இறக்குங்கள். அடுத்த பங்குனிப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, குரு பெயரும் சீடர் பெயரும் எழுதி மாட்டி வையுங்கள். டிக்கெட் வேண்டுமானாலும் போடுங்கள், ஊரே வரும்.