மற்றவர்கள்

மூன்று இனத்தாருக்கும் நீதி செய்ய எழுதப்பட்ட சட்டம் நான்காவது மனிதனை வாசலிலே நிறுத்திவிடக் கூடும். போஸ்னியா-எர்செகோவினா நாட்டின் தேர்தல் விதிகளைப் படித்தபோது எனக்கு அவ்வாறே தோன்றிற்று.

1995-இல் டேய்ட்டன் உடன்படிக்கை அங்கே போரை நிறுத்தியது. அதன் இணைப்பு ஒன்றே நாட்டின் அரசியல் சட்டமாயிற்று. பாராளுமன்றத்தின் ஓர் அவைக்கு மக்கள் 42 பேரை நேரே தேர்ந்தெடுக்கின்றனர். மக்கள் அவை எனப்படும் மற்றதிலோ 15 இடங்களே: பெரும்பாலும் இசுலாமியரான போஸ்னியாக்கருக்கு ஐந்து, செர்பியருக்கு ஐந்து, குரோவாசியருக்கு ஐந்து. ஏனையோர் யாவரும் சட்டத்தின் மொழியில் ‘மற்றவர்கள்’. அவர்களுக்கு அந்த அவையிலும் இடமில்லை; மூவர் கொண்ட குடியரசுத் தலைமையிலும் இடமில்லை. ஒருவரையொருவர் நம்ப அஞ்சியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. (அன்று அதனினும் மேலானது கிட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி.)

ரோமா இனத்தவரான டெர்வோ செய்டிச், யூதரான யாக்கோப் ஃபின்சி ஆகிய இருவரும் வழக்குத் தொடுத்தனர். இது பாகுபாடே என 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் 2010, 2014, 2018, 2022 ஆண்டுகளின் தேர்தல்கள் பழைய விதிப்படியே நடந்தேறின.

குரோவாசியருள் மிகப் பலர் கத்தோலிக்கர். ஆகவே, நம்மவர்க்கு ஐந்து இடம் உண்டே என மகிழத் தோன்றும். ஆனால், நாடு இரு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. குரோவாசியரின் இடங்கள் ஒரு பகுதிக்கே உரியவை. மறு பகுதியிலுள்ள பான்யா லூக்கா நகரம் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். அங்கு வாழும் கத்தோலிக்கர் ஒருவர், தம்மைக் குரோவாசியர் என்றே சொல்லிக்கொண்டு, 2022-இலும் மக்கள் அவையில் அமர வழியிருக்கவில்லை. சாரயேவோவில் வாழும் செர்பியருக்கும் அதே கதிதான்.