கேமராவை விட்டு விலகிய ஃபிளாஷ்

கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு வேளைகள்தாம் உகந்தவை. சூரியன் எழுந்தபின் ஒரு மணி நேரம். அது விழுமுன் ஒரு மணி நேரம். அப்போது ஒளி கல்லின் முகத்தைத் தடவிக்கொண்டு போகும். எழுத்தின் ஒரு விளிம்பு வெளுக்க, மறுவிளிம்பில் நிழல் தேங்கும். நடுப்பகலில் அதே கல் வெறும் கல். வடக்கு நோக்கி நிற்கும் கற்களுக்கோ ஆண்டின் பெரும்பகுதியில் அந்த இரண்டு வேளைகளும் இல்லை.

ஆய்வு மாணவர்கள் பயணம் செய்யும் பேருந்துகள் இந்தக் கணக்கு தெரிந்து ஓடுவதில்லை. சிவமொக்கா மாவட்டத்து ஊர்களில் வீரகற்களைத் தேடி அலைந்த தமிழ் ஆய்வாளர் ஒருவர் பெரும்பாலும் பதினொரு மணிக்குப் பிறகே ஊருக்குள் இறங்குவார். மாலை நாலரைக்குத் திரும்பும் வண்டி. அதை விட்டால் மறுநாள் காலைதான். ஒளி நன்றாக இருக்கும் வேளையில் அவர் எப்போதும் பேருந்துக்குள்தான் இருப்பார். அவருடைய பையில் ஓர் எஸ்.எல்.ஆர். கேமராவும், தனியே பொருத்தக்கூடிய ஒரு ஃபிளாஷும், எட்டு பென்சில் செல்களும் இடம்பிடித்ததற்கு இதுவே காரணம். (ஃபிளாஷைத் துறையின் இருப்புப் பதிவேட்டில் நிலைப்பொருளாக எழுதுவதா, நுகர்பொருளாக எழுதுவதா என்ற கேள்வி தீர இரண்டு மாதம் ஆயிற்று என்பது வேறு கதை. செல்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, உதவித்தொகையில் கழிந்தன.)

கன்னடத்தில் வீரகல்லு என்பதும் நாம் நடுகல் என்பதும் ஒரே மரபின் கிளைகள். கர்நாடகத்தின் பிற்கால வீரகற்கள் பலவற்றில் மூன்று அடுக்குகள் உண்டு: கீழே போர், நடுவே வீரனைத் தேவமகளிர் மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சி, உச்சியில் இலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கும் தோற்றம். அடுக்குகளுக்கு இடையிலுள்ள பட்டைகளில் எழுத்துகள். மழையும் வெயிலும் போதாதென்று எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் பூசப்பட்டு, அந்தப் பட்டைகள் மெல்ல மெல்ல வழவழப்பாகிவிடுகின்றன.

இத்தகைய கல்லைப் படிக்க முறைப்படியான வழி மைப்படி எடுப்பது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் வரும். இந்தியக் கல்வெட்டியலின் பெரும்பகுதி இந்தத் தாள்களின் மேல்தான் நிற்கிறது. ஆனால் வழிபாட்டிலுள்ள கல்லைக் கழுவித் தேய்த்து அடிப்பதற்கு ஊரார் இசைவதில்லை. இசைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆய்வாளருக்கு அது ஆவணம். அவர்களுக்கு ஊர் காக்கும் தெய்வம். தொடாமல் படிக்க ஒளி ஒன்றே வழி.

ஃபிளாஷ் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வதுபோல அதைக் கேமராவின் தலையில் செருகிப் படம் எடுத்தால் கல்வெட்டு முற்றிலும் அழிந்துவிடும். லென்ஸ் பார்க்கும் திசையிலேயே ஒளியும் போவதால் நிழல் எதுவும் கண்ணில் படாது. எண்ணெய் மினுக்கு மட்டும் ஒரு வெள்ளைத் திட்டாகத் திரும்பி வரும். ஃபிளாஷ் பயன்பட வேண்டுமானால் அது கேமராவை விட்டு இறங்கவேண்டும். ஒரு கம்பியோ, சிறிய ரேடியோ டிரிகரோ போதும். கேமரா கல்லுக்கு நேராக முக்காலியில் நிற்க, ஃபிளாஷ் கல்லின் பக்கவாட்டில், அதன் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டிய கோணத்தில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆழமே எஞ்சிய ஒரு கீறல், ஒளி 45 பாகைக் கோணத்தில் விழுந்தால் அரை மில்லிமீட்டர் நிழலையே தரும். அதே ஒளியைப் 10 பாகைக்குச் சாய்த்தால் நிழல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். தேய்ந்த எழுத்தைப் படிக்கக்கூடியதாக்குவது இந்தச் சிறு கணக்குதான்.

மின்னணு ஃபிளாஷின் புகழ் வேறொன்றால் வந்தது. 1931இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் சுழலும் மோட்டார்களைக் காண மின்னொளித் துடிப்புகளைப் பயன்படுத்தினார். பின்னாளில் சிதறும் பால் துளியையும் ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் தோட்டாவையும் நிறுத்திக் காட்டியவர் அவர்தான். ஓடுகிற காலத்தை நிறுத்தும் கருவி என்றே ஃபிளாஷைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் கல்லின்முன் அந்த வேகத்தால் ஆவது ஒன்றுமில்லை. வேண்டியது திசை. கையில் எடுத்துப்போகக்கூடிய ஒரு காலைச் சூரியன்.

ஆனால் உண்மையான சூரியன் உச்சியில் நிற்கும்போது இந்தச் சிறிய சூரியன் எப்படி வெல்லும்? எஸ்.எல்.ஆரின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை திறந்து முடிந்தபின், இரண்டாவது மூடத் தொடங்குமுன், சென்சார் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் வேண்டும். ஃபிளாஷ் அப்போதுதான் வெடிக்க முடியும். பல கேமராக்களில் இதற்கான எல்லை 1/200 அல்லது 1/250 வினாடி. அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதியைத் திரை மறைத்து, கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷின் ஒளியோ 1/1000 வினாடி அளவிலோ அதற்குள்ளோ எரிந்து முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த எல்லைக்குள் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெயிலின் பங்கு குறையும். ஃபிளாஷின் பங்கு குறையாது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டவருக்குப் பாதி வித்தை கைவந்தது. மீதிப் பாதி குடையும் கம்பளியும். அந்தப் பக்கத்து ஆட்டிடையர்கள் தோளில் போட்டிருக்கும் கறுப்புக் கம்பளியை இரவல் வாங்கி, இரண்டு கழிகளில் கட்டிக் கல்லுக்கு மேல் விரித்தால் நடுப்பகலில் ஒரு சிறிய அந்தி கிடைக்கும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு மீட்டர் அகலக் கல்லின் ஓரத்திலிருந்து அரை மீட்டரில் ஃபிளாஷைப் பிடித்தால், அண்மை விளிம்புக்குக் கிடைக்கும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே சேய்மை விளிம்புக்குச் செல்லும். ஒரு பக்கம் வெந்து போகும், மறுபக்கம் இருளும். இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்தால் வேறுபாடு இரண்டேகால் மடங்குக்குள் அடங்கிவிடும். தள்ளிப் போகப் போக வலிமை குறையும் என்பதுதான் விலை. வழிகாட்டி எண் 40 உள்ள ஃபிளாஷ், ஐ.எஸ்.ஓ. 100இல், இரண்டரை மீட்டரிலிருந்து எஃப்/16 தரும் என்று கையேடு சொல்லும். கையேடு நேராக விழும் ஒளியைப் பற்றிப் பேசுகிறது. 10 பாகையில் சாய்ந்த ஒளி கல்லின்மேல் நீண்டு பரவுவதால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். துளையை எஃப்/7 அளவுக்குத் திறக்க வேண்டிவரும். தானியங்கி அளவீட்டை நம்புகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். மஞ்சள் பூச்சும் கறுத்த கல்லும் சேர்ந்து டி.டி.எல். அளவீட்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முடிவுக்குத் தள்ளும். முழு வலிமையில், கைமுறையில் வைத்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே மின்தேக்கி நிறையும் வரை காத்திருப்பதே நல்லது.

அந்த ஊரில் ஃபிளாஷைப் பிடித்தவர் உடன் வந்த இளைய ஆய்வு மாணவர். கல்லுக்குப் பூசை செய்யும் முதியவர் கம்பளியின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டார். இவர்கள் கல்லைத் தொடமாட்டார்கள் என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை போலும், அருகிலேயே நின்றார். கல்லின் இடப்பக்கத்திலிருந்து முதல் ஒளி வெடித்தது. ஆய்வாளர் கேமராவின் பின்புறத் திரையைப் பார்க்கக் குனிவதற்குள் முதியவர் சொன்னார்: “தாயி, எழுத்து தெரிந்தது.” இளையவரும் சிரித்தார். “ஆமாம் அக்கா, நானும் பார்த்தேன்.”

எஸ்.எல்.ஆரின் அமைப்பிலேயே உள்ள ஒரு விந்தை இது. பார்வைத் துளைக்கு ஒளியை அனுப்பும் கண்ணாடி, ஷட்டர் திறக்குமுன் மேலே எழுந்துவிடும். ஃபிளாஷ் ஒளிரும் அந்தக் கணத்தில் படம் எடுப்பவர் கண்ணுக்கு இருள் மட்டுமே. சுற்றி நிற்பவர் எல்லாரும் காண்பதை அவர் மட்டும் காணமாட்டார். பிலிம் காலத்தில் தாம் உண்டாக்கிய வெளிச்சத்தைப் பார்க்க அவர் நாட்கணக்கில் காத்திருந்தார். இப்போது சில நொடிகள். நாள்தோறும் அந்தக் கல்லுக்கு எண்ணெய் பூசி வந்த கைகளுக்கு உரியவர், அதில் எழுத்து இருப்பதைக் கேள்வியால் மட்டும் அறிந்திருந்தவர், ஆய்வாளருக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார். அது முறையான வரிசைதான்.

வீரனின் பெயர் தெளிவாக இருந்தது. நான்காம் வரியில் அவன் எதில் மாண்டான் என்ற சொல் மட்டும் தேய்ந்திருந்தது. இத்தகைய கற்களில் அடிக்கடி வரும் காரணங்களில் இரண்டு: ஆநிரை கவர்தலாகிய துறுகோள்; ஊர் அழிக்கப்படுதலாகிய ஊரழிவு. பழங்கன்னடச் சொற்கள்தாம், ஆயினும் தமிழ்க் காதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. துறு நம் நடுகற்களின் தொறு. தொல்காப்பியம் வெட்சித் துறைகளில் ஊர்கொலையையும் ஆகோளையும் அடுத்தடுத்து வைக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லிலேயே ஆகோள் என்ற சொல் உண்டு. அந்த ஆய்வாளரின் மூன்றாம் இயல் ஆநிரைப் பூசல்களைப் பற்றியது. இந்தக் கல் எந்தப் பட்டியலில் சேரும் என்பதை இரண்டு எழுத்துகள் தீர்மானிக்கவேண்டும்.

இடப்பக்க ஒளியில் எடுத்த படத்தில் ஒரு வளைவும் அதன் கீழே ஒரு கொக்கியும் தெரிந்தன. துகரம் என்று மனம் உடனே படித்தது. மனம் அப்படித்தான் படிக்கும். அதற்கு ஓர் இயல் எழுதவேண்டியிருக்கிறது. சாய்ந்த ஒளி எழுத்துக்கும் பொருக்குக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆழம் எங்கிருந்தாலும் நிழலிடும். மேலும், ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்தே போகும். பக்கவாட்டு ஒளியில் படுக்கைக் கோடுகள் இல்லை; மேலிருந்து வரும் ஒளியில் நெட்டுக் கோடுகள் இல்லை. கீழிருந்து ஒளி வந்தாலோ, ஒளி எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று பழகிய நம் கண்ணுக்குப் பள்ளம் மேடாகத் தோன்றும். ஒரே படத்தை அச்சிட்டு இதுவே கல் என்று சொல்வதிலுள்ள ஆபத்து இதுதான். நம் ஆய்விதழ்களில் கல்வெட்டுப் படங்களின் கீழே ஊர், நூற்றாண்டு, அரசன் எல்லாம் இருக்கும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது அரிதாகவே இருக்கும். அளவுகோல் வைக்காமல் எடுத்த அகழாய்வுப் படத்தை ஏற்காத நாம், திசை சொல்லாத கல்வெட்டுப் படத்தை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு விரிவான தீர்வும் உண்டு. 2001இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம் அன்று, அதனாலும் சில எழுத்துகள் வெளிச்சத்துக்கு வருவதுண்டு.) கேமராவை அசைக்காமல், பளபளக்கும் கறுப்புக் கோளம் ஒன்றைக் கல்லருகே வைத்து, ஃபிளாஷைப் பல திசைகளுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுப்பார்கள். கோளத்தில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு ஒவ்வொரு படத்திலும் ஒளி வந்த திசையை மென்பொருள் கண்டறியும். பிறகு கணினியில் ஒளியை நம் விருப்பப்படி நகர்த்திப் பார்க்கலாம். ஃபிளாஷ் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க அதில் ஒரு நூலைக் கட்டுவார்கள். இவ்வளவு நுட்பத்துக்கும் நடுவே ஒரு முழம் நூல் இடம்பெறுவது மகிழ்ச்சி தருகிறது. பெங்களூரில் மிதிக் சொசைட்டி கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவருகிறது. அத்தகைய கருவிகள் எட்டும் இடங்களில் அவையே சிறந்தவை. நாலரை மணிப் பேருந்துக்கு முன் நான்கு திசைகளில் நான்கு படங்கள் எடுப்பது ஏழையின் ஆர்.டி.ஐ. எனலாம்.

அன்று நான்கும் எடுக்கப்பட்டன. மேலிருந்து ஒளி வந்த படத்தில் அந்த வளைவு நீண்டு, எழுத்துப் பட்டையைத் தாண்டி, கீழடுக்கில் குதிரையின் கால் வரை ஓடியது. கல்லில் விழுந்த விரிசல் அது. கொக்கி மட்டும் எஞ்சியது. கொக்கியைக் கொண்டு எந்த எழுத்தையும் சொல்லிவிட முடியாது. வலப்பக்கப் படம் புதிதாக எதையும் தரவில்லை. நான்காவது படத்துக்கு இளையவர் மண்ணில் படுத்துக்கொண்டு கீழிருந்து ஒளி வீசினார். அதில் கல் முழுவதும் புடைப்பெழுத்துகளால் ஆனதுபோல் இருந்தது.

ஊருக்கு ஒரு படம் வேண்டுமென்று முதியவர் கேட்டார். இடப்பக்கப் படம் வேண்டாம், மேலிருந்து எடுத்தது போதும், அதில் தெய்வத்தின் முகம் நன்றாக இருக்கிறது என்றார். அதுவே பெரிதாக அச்சிட்டு அனுப்பப்பட்டது.

ஆய்வேட்டில் இடம் கருதி ஒரு படம் போதும் என்று நெறியாளர் சொன்னார். சற்று வாதத்துக்குப் பிறகு நான்கும் ஒரே பக்கத்தில் சிறிதாக அச்சாயின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒளியின் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி. வாசிப்பில் நான்காம் வரியின் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறியும் அதற்குள் இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன. மூன்றாம் இயலின் பட்டியலில் அந்த ஊரின் பெயர் இல்லை.